லாரி ஓட்டுநரின் தடம் யார் கையில்? களியக்காவிளை எல்லையும் ஜிபிஎஸ் சாட்சியமும்

1956 நவம்பர் 1ஆம் தேதி கன்னியாகுமரி மாவட்டம் சென்னை மாநிலத்தோடு இணைந்தபோது, இங்குள்ள வண்டிக்காரர்களுக்கு எல்லை இடம் மாறியது. திருவிதாங்கூர் காலத்தில் கிழக்கே ஆரல்வாய்மொழி எல்லை வாசலாக இருந்தது. இணைப்புக்குப் பிறகு மேற்கு முனையான களியக்காவிளை மாநில எல்லையாயிற்று. இந்தப் பக்கம் படந்தாலுமூடு, அந்தப் பக்கம் பாறசாலை தாண்டி அமரவிளை என்று சோதனைச்சாவடிகள் எழுந்தன. அரிசி, மரம், கருங்கல், மீன் என எந்த லோடானாலும் லாரி அங்கே நின்றே போக வேண்டியிருந்தது.

அந்தக் காலத்துக் கண்காணிப்பு முழுக்கக் காகிதத்தில் நடந்தது. பில், பெர்மிட், ட்ரிப் ஷீட் எல்லாம் ஓட்டுநரின் கையில் இருந்தன. எந்தச் செக்போஸ்ட்டில் எத்தனை மணிக்கு முத்திரை விழுந்தது என்பது அவருக்குத் தெரியும். தவறாக எழுதினால் அங்கேயே நின்று வாதாடலாம். கையூட்டும் காத்திருப்பும் மிகுந்த காலம்தான். அதைப் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் தன்னைப் பற்றிய பதிவு தன் கண்ணெதிரே எழுதப்பட்டது என்பது ஓட்டுநருக்கு இருந்த ஒரு பாதுகாப்பு.

அவருடைய நேரத்தைக் கணக்கிடச் சட்டம் முதலில் முனைந்ததும் அவருடைய உடலைக் காக்கத்தான். 1939ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், அரைமணி ஓய்வின்றித் தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது என்றது. ஒரு நாளுக்கு 9 மணி, வாரத்துக்கு 54 மணி என்று வரம்பும் வைத்தது. 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் அதை 8 மணி, 48 மணி என்று குறைத்தது. ஆனால் அந்தச் சட்டம் ஐந்து பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனங்களுக்கே பொருந்தியது. ஒன்றிரண்டு வண்டி மட்டும் வைத்திருக்கும் உரிமையாளரிடம் வேலை பார்த்தவர்கள் அதன் வெளியே நின்றார்கள். நேரக் கணக்கு தொழிலாளிக்குத் துணையாக வர வேண்டிய இடத்தில் வராமலே போன கதை இங்குதான் தொடங்குகிறது.

மாற்றம் வந்த வேகம் பெரிது. 2017 ஜூலை 1இல் சரக்கு சேவை வரி நடைமுறைக்கு வந்ததும் வணிக வரிச் சாவடிகள் வேலையிழந்தன. 2018 ஏப்ரல் 1 முதல் மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்குக்கு இ-வே பில் கட்டாயமாயிற்று. அதே ஆண்டு நவம்பரில், தேசிய பெர்மிட் வண்டிகள் ஃபாஸ்டேகும் இருப்பிடம் காட்டும் கருவியும் பொருத்த வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகள் திருத்தப்பட்டன. 2021 பிப்ரவரியில் சுங்கச்சாவடிகளில் எல்லா வாகனங்களுக்கும் ஃபாஸ்டேக் கட்டாயம் என்றானது. வண்டி நிற்பது குறைந்தது, பதிவாவது பெருகியது. ஜிபிஎஸ் பதிவு முதலாளியின் ஃபோனுக்கும் கருவி விற்ற நிறுவனத்தின் சர்வருக்கும் போகிறது. ஓட்டுநரிடம் ஒரு நகலும் இல்லை.

கண்காணிப்பே வேண்டாம் என்று இந்த எல்லையில் இருந்துகொண்டு யாரும் சொல்லிவிட முடியாது. 2020 ஜனவரி 8 இரவு களியக்காவிளைச் சோதனைச்சாவடியில் பணியிலிருந்த சிறப்பு உதவி ஆய்வாளர் சுட்டுக் கொல்லப்பட்டபோது, அருகிலிருந்த கேமராப் பதிவுகளே கொலையாளிகளை அடையாளம் காட்டின. ரேஷன் அரிசிக் கடத்தலும், மேற்கிலிருந்து வரும் கழிவு லாரிகளும் இப்பகுதியின் தீராத் தலைவலிகள். 2024 டிசம்பரில் திருவனந்தபுரம் மருத்துவமனைக் கழிவுகள் திருநெல்வேலி மாவட்டம் நடுக்கல்லூர், கோடகநல்லூர் பகுதிகளில் கொட்டிக் கிடந்தன. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு உத்தரவிட்ட பிறகு, கேரள அதிகாரிகள் லாரிகளோடு வந்து அவற்றை அள்ளிச் சென்றார்கள். மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள் 2016இலேயே பார்கோடும் ஜிபிஎஸ்ஸும் கேட்டிருந்தன. 2025 ஏப்ரலில் தமிழகச் சட்டப்பேரவை குண்டர் சட்டம் எனப்படும் 1982ஆம் ஆண்டின் 14ஆம் சட்டத்தைத் திருத்தி, மருத்துவக் கழிவு கொட்டுவோரை விசாரணையின்றித் தடுப்புக்காவலில் வைக்க வழி செய்தது. நோக்கம் நியாயமானது. ஆனால் இத்தகைய குற்றங்களில் முதலில் கையில் அகப்படுபவர் ஸ்டியரிங் பிடித்தவர்தான். லோடு ஏற்றச் சொன்னவர் பிறகுதான் தேடப்படுகிறார். எனவே தடத்தின் பதிவு எப்படிச் சாட்சியமாகிறது என்ற கேள்வி இங்கே ஒருவரின் சிறைவாசத்தைப் பற்றிய கேள்வி.

மின்னணுப் பதிவுக்கான 65பி பிரிவு, 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் வழியாகச் சாட்சியச் சட்டத்துக்குள் வந்தது. கேரளத்தின் ஏறநாடு தொகுதித் தேர்தல் வழக்கில், அதாவது அன்வர் எதிர் பஷீர் வழக்கில், உரிய சான்றிதழ் இல்லாத நகலை ஏற்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2014இல் தீர்ப்பளித்தது. 2020இல் அர்ஜுன் பண்டித்ராவ் வழக்கில் அதை உறுதிசெய்த நீதிமன்றம், சான்றிதழ் தர மறுப்பவரிடமிருந்து அதை வரவழைக்கும்படி நீதிமன்றத்திடம் மனுச் செய்யலாம் என்ற வழியையும் காட்டியது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதிநியமம் ஆவணங்களின் வரிசையில் இருப்பிடச் சாட்சியத்தையும் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. 63ஆம் பிரிவின்படி கருவிக்குப் பொறுப்பானவரும் ஒரு நிபுணரும் சான்றளிக்க வேண்டும். பதிவு மாற்றப்படவில்லை என்று காட்டும் ஹாஷ் மதிப்பும் குறிக்கப்பட வேண்டும்.

இத்தனை கவனத்துக்குப் பிறகும் ஒரு குறை தங்கிவிடுகிறது. ஜிபிஎஸ் கருவி வண்டி எங்கே நின்றது என்று சொல்லும். ஓட்டியது யார் என்று சொல்லாது. இரண்டு ஓட்டுநர்கள் மாறி மாறி ஓட்டும் லாரியில் இந்த வேறுபாடு ஒருவரின் விடுதலையைத் தீர்மானிக்கக் கூடும். சான்றிதழில் கையொப்பமிடுபவரோ பெரும்பாலும் முதலாளி, அல்லது அவரிடம் பணம் பெறும் நிறுவனம். அவரே குற்றத்தில் பங்காளியாக இருந்தால் ஓட்டுநரைக் காக்கும் பதிவை எடுத்துத் தர அவருக்கு என்ன அக்கறை?

அந்தரங்க உரிமையின் வரலாறு வேறொரு பாதையில் வந்தது. 1962இல் கரக் சிங் வழக்கில், ஒருவரின் நடமாட்டத்தைக் காவல்துறை கவனித்து வருவது அடிப்படை உரிமையைப் பாதிக்காது என்றனர் பெரும்பான்மை நீதிபதிகள். நீதிபதி சுப்பாராவ் மாறுபட்டார். கண்காணிக்கப்படும் மனிதனின் நடமாட்டம் சுதந்திரமானதல்ல என்பது அவர் நிலை. 2017 ஆகஸ்ட் 24இல் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு புட்டசாமி வழக்கில் அவர் பக்கம் நின்றது. 2024 ஜூலையில் ஃபிராங்க் வைட்டஸ் வழக்கில், ஜாமீனில் போனவர் கூகுள் வரைபடத்தில் தன் இடத்தைக் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை உச்ச நீதிமன்றம் நீக்கியது. போதைப்பொருள் வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவருக்கே அந்த உரிமை உண்டென்றால், எந்தக் குற்றமும் செய்யாத ஓட்டுநர் வேலை முடிந்து வண்டியிலேயே உறங்கும் இரவுக்கும் அது பொருந்த வேண்டும்.

முதலாளி வைத்த ஜிபிஎஸ் குறித்து ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2022 டிசம்பரில் ஒரு தீர்ப்பு வழங்கியது. போர்ச்சுகலில் மருந்து நிறுவனப் பிரதிநிதி ஒருவர் கார்ப் பதிவைக் காட்டி வேலைநீக்கம் செய்யப்பட்டார். உரிமை மீறப்படவில்லை என்று நான்குக்கு மூன்று என்ற கணக்கில் முடிவானது. ஆனால் அந்நாட்டு மேல்முறையீட்டு நீதிமன்றம் ஓடிய தூரக் கணக்கை மட்டும் ஏற்று, வேலையைக் கண்காணிக்கப் பயன்பட்ட பகுதியை ஒதுக்கியிருந்தது. பதிவைப் பயன்வாரியாகப் பிரித்து, தேவையானதை மட்டும் எடுக்கும் அந்த நடைமுறை நமக்கும் வேண்டும்.

நம்மிடம் இருப்பது 2023ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். அதன் 7ஆம் பிரிவு வேலை சார்ந்த நோக்கத்துக்காகத் தொழிலாளியின் தரவை அவர் சம்மதமின்றிப் பயன்படுத்த இடம் தருகிறது. 11ஆம் பிரிவு தரவைக் கேட்டறியும் உரிமையைத் தருகிறது. ஆனால் சம்மதம் பெற்றவரிடம் மட்டுமே கேட்கலாம். இரண்டையும் சேர்த்துப் படித்தால், சம்மதம் கேட்கப்படாத ஓட்டுநருக்குத் தன் தடத்தைக் கேட்கும் உரிமையும் இல்லை என்றாகிறது. இது சட்டத்தின் பெரும் ஓட்டை என்பதே என் முடிவு. ஒரு நாளில் 16 மணி நேரம் ஓட்டவைக்கப்பட்டதற்கான மிகச் சிறந்த ஆதாரம், ஓட்டவைத்தவரின் பூட்டுக்குள் இருக்கிறது.

நாடாளுமன்றம் 11ஆம் பிரிவைத் திருத்தி, வேலையிடத்தில் கண்காணிக்கப்படுபவருக்கும் நகல் பெறும் உரிமையைத் தர வேண்டும். அதுவரை குழித்துறை, நாகர்கோவில் நீதிமன்றங்களில் ஓட்டுநர்களுக்காக வாதாடும் வழக்கறிஞர்கள் தாமதிக்க வேண்டாம். சர்வர் பதிவுகள் நெடுநாள் நிற்பதில்லை. கைதான முதல் நாளிலேயே, ஜிபிஎஸ் பதிவை அழிக்காமல் காக்கவும் நீதிமன்றத்தில் ஒப்படைக்கவும் உத்தரவு கேட்டு மனுக் கொடுங்கள்.