முந்தைய படமா, முதல் படமா: தாழ்நிலை மூளைக்கட்டிகளில் ஒப்பீட்டுச் சிக்கல்

‘முந்தைய ஸ்கேனுடன் ஒப்பிடுகையில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை.’ தாழ்நிலைக் கிளையோமா உள்ள பெரியவர்களின் எம்.ஆர்.ஐ. அறிக்கைகளில் இந்த வரி ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து வருவதுண்டு. தனித்தனியே ஒவ்வொன்றும் சரியாக இருக்கலாம். சேர்த்துப் படித்தால் தவறான முடிவுக்கே கொண்டுபோகும் என்பது என் வாதம்.

2003இல் மாண்டனே குழுவினர் சிகிச்சைக்கு முன் எடுத்த தொடர் படங்களை அளந்து, இவ்வகைக் கட்டியின் சராசரி விட்டம் ஆண்டுக்கு ஏறத்தாழ 4 மி.மீ. கூடுகிறது என்று காட்டினர். 40 மி.மீ. கட்டி ஆறு மாதத்தில் 42 ஆகும். ஒன்றரை ஆண்டில் 46. ரேனோ குழு 2011இல் வகுத்த அளவுகோல்படி, ஒன்றுக்கொன்று செங்குத்தான இரு விட்டங்களின் பெருக்கம் 25 விழுக்காடு கூடினால் நோய் முற்றியதாகக் கொள்ளலாம். அடுத்தடுத்த படங்களை மட்டும் பார்த்தால் அந்தப் பெருக்கம் 10 விழுக்காட்டை ஒட்டியே கூடும். அந்த 2 மி.மீ.யைக் கண் பிடித்தாலும் நம்ப முடியாது: தலை சற்றுச் சாய்ந்திருந்தாலோ, 5 மி.மீ. தடிப்புள்ள வெட்டு இடம் மாறி விழுந்தாலோ அவ்வளவு வேறுபாடு தானே வந்துவிடும். முதல் படத்தோடு வைத்துப் பார்த்தால் ஒன்றரை ஆண்டில் பெருக்கம் 32, கனஅளவு 52 விழுக்காடு கூடியிருக்கும். ரேனோ அளவுகோலும் அடிப்படைப் படத்தோடு ஒப்பிடத்தான் சொல்கிறது, வழக்கம்தான் வழுவியிருக்கிறது.

331 பேரைக் கொண்ட இண்டிகோ ஆய்வில் (2023), வொராசிடெனிப் என்ற மருந்தைப் பெறாமல் வெற்று மாத்திரை பெற்றவர்களின் கட்டி ஆறு மாதத்துக்கு 13.9 விழுக்காடு வீதம் கனஅளவில் பெருகியது. விட்டமாக மாற்றினால் இது 4.4 விழுக்காடு, அதாவது 40 மி.மீ. கட்டியில் ஆறு மாதத்துக்கு 2 மி.மீ.க்குச் சற்றே குறைவு. இருபது ஆண்டு இடைவெளியில், வேறுவேறு நோயாளிகளிடம் கிடைத்த எண்கள் இவ்வளவு நெருங்குவது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஒப்பிடும் படங்கள் ஒரே வகையாகவும் இருக்க வேண்டும். ஐ.டி.எச். மரபணு மாற்றமுள்ள சில ஆஸ்ட்ரோசைட்டோமாக்கள் டி2 படத்தில் முழுதும் வெளுத்தும், ஃப்ளேர் படத்தில் நடுப்பகுதி கறுத்து விளிம்பு மட்டும் வெளுத்தும் தெரியும். நோயறிதலுக்கு அருமையான தடயம் இது. ஒருமுறை டி2விலும் மறுமுறை ஃப்ளேரிலும் அளப்பவரை ஏமாற்றுவதும் இதுவே.

‘முதல் படம்’ என்பதற்கும் வரம்பு உண்டு. அறுவைக்குப் பின் கணக்கைப் புதிதாகத் தொடங்க வேண்டும். கதிர்வீச்சுக்குப் பின் சிகிச்சைப் பரப்புக்குள் புதிதாகக் கான்ட்ராஸ்ட் மருந்தை ஏற்கும் புள்ளிகள் தோன்றி, சில மாதங்களில் தாமாகவே மறைவதுண்டு. அங்கே அவசரம் காட்டினால் வேலைசெய்யும் சிகிச்சையை நிறுத்திவிடுவோம். கட்டி முற்றியதா என்பதில் இரத்த ஓட்டப் படமும் எப்போதும் தீர்ப்புச் சொல்லாது. ஆலிகோடென்ட்ரோகிளையோமாவில் தாழ்நிலையிலேயே இரத்தக் கனஅளவு மிகுந்திருக்கலாம்.

மெதுவான வளர்ச்சியை முன்கூட்டிக் கண்டு என்ன பயன் என்று கேட்கலாம். இண்டிகோ காட்டியது நோய் முற்றுவது தள்ளிப்போவதைத்தான். ஆயுள் நீள்வதை அல்ல. ஆனால் ஆண்டுக்கு 8 மி.மீ. அல்லது அதற்கு மேல் வளரும் கட்டிகளில் ஆயுள் குறைவு என்று பலூ குழுவினர் 2006இலேயே காட்டியிருக்கிறார்கள். ஆண்டுக்கு 4 மி.மீ. வளரும் கட்டியையும் 8 மி.மீ. வளரும் கட்டியையும் ‘மாற்றம் இல்லை’ என்ற வரி பிரித்துக் காட்டாது. எந்தத் தேதியிட்ட படத்தோடு ஒப்பிட்டோம், கனஅளவு எவ்வளவு, ஆண்டுக்கு எத்தனை மி.மீ. என்ற மூன்றையும் அறிக்கையில் எழுதினால் பிரித்துக் காட்டலாம்.