கடும்பாறை நிலத்தில் புவி இயற்பியல் முறை நீர்த் தேடல்

நிலத்தைத் தோண்டாமல், அதன் மின், காந்தப் பண்புகளை மேலிருந்தே அளந்து, பாறைக்குள் நீர் தங்கக்கூடிய இடத்தைக் கணிக்கும் முறை. தமிழ்நாட்டில் ஏறத்தாழ முக்கால் பங்கு நிலம் கடும்பாறை: நைஸ், கிரானைட், சார்னோகைட். இக்கற்களுக்குள் மணற்பாறையில் இருப்பதுபோல நீர் ஊறி நிற்கும் துளைகள் இல்லை. மேலே சிதைந்து சரளையாகிக் கிடக்கும் படலத்திலும், கீழே பாறை வெடிப்புகளிலும் மட்டுமே நீர் நிற்கும். அதனால்தான் ஒரு காட்டில் போர் போட்டால் தண்ணீர் பீறிடுகிறது, பக்கத்துக் காட்டில் வெறும் புகை வருகிறது.

அதிகம் கையாளப்படுவது மின்தடை ஆய்வு. நான்கு கம்பிகளை ஒரே நேர்கோட்டில் அடித்து, வெளிக்கம்பிகள் வழியாக மின்னோட்டம் செலுத்தி, உள்கம்பிகளுக்கு இடையே மின்னழுத்தத்தை அளப்பார்கள். தரை காய்ந்திருந்தால் கம்பியடியில் உப்புத்தண்ணீர் ஊற்றுவதும் உண்டு. ஷ்லம்பெர்ஜர் என்னும் கம்பி அமைப்பில் வெளிக்கம்பிகளைப் படிப்படியாக விலக்கி வைக்க, மின்னோட்டம் மேலும் ஆழத்துக்கு இறங்கும். சிதையாத கருங்கல் பொதுவாக 1000 ஓம்-மீட்டருக்கு மேல் காட்டும்; நீர் ஊறிய சிதைவுப் படலம் பெரும்பாலும் 20 முதல் 150 வரை. 10-க்கும் கீழே இறங்கினால் மகிழ்ந்துவிடக் கூடாது. களிமண்ணும் உவர்நீரும் அப்படித்தான் காட்டும். கருவி அளப்பது தடையைத்தான், தண்ணீரை அல்ல.

சிதைவுப் படலத்தின் கனத்தை இம்முறை நன்றாகவே சொல்லும். கேசிங் பைப் எத்தனை அடி இறங்கும் என்பதையும் அதிலிருந்து கணிக்கலாம். ஆழ்வெடிப்புகளில்தான் தடுமாற்றம். 150 மீட்டர் ஆழத்தில் விரலளவு வெடிப்பு ஒன்று இருந்தால், மேலே எடுக்கும் அளவீட்டில் அதன் சுவடே தெரியாது. அவ்வளவு ஆழம் பார்க்கக் கம்பிகளை இருபுறமும் சில நூறு மீட்டர் இழுத்தாக வேண்டும். வேலியும் வீடுகளும் நெருங்கிய இடங்களில் அது நடக்கிற காரியமா?

செங்குத்தான வெடிப்புகளைத் தேட, மிகத் தாழ் அதிர்வெண் மின்காந்த முறை உதவும். இதற்குத் தனியாக மின்னோட்டம் செலுத்த வேண்டியதில்லை. நீர்மூழ்கிக் கப்பல்களோடு பேசத் திருநெல்வேலி மாவட்டம் விஜயநாராயணத்தில் இந்தியக் கடற்படை நடத்தும் நிலையத்தின் அலைகளே போதும். நீருள்ள வெடிப்பின் மேல் அந்த அலை மாறுபடும். பாறையை ஊடுருவி நிற்கும் டோலரைட் சுவர்களைக் காந்தமானி காட்டிக்கொடுக்கும். சரிவில் இறங்கிவரும் நிலத்தடி நீரை அவை அணைபோல மறிப்பதுண்டு.

செயற்கைக்கோள் படத்தில் வெடிப்புக் கோடுகளைக் குறித்து, சுற்றுவட்டக் கிணறுகளின் ஆழத்தையும் நீர்மட்டத்தையும் விசாரித்த பிறகே கருவியை இறக்க வேண்டும். இத்தனை அடியில் இத்தனை இஞ்ச் தண்ணீர் என்று ஒருவர் கருவியைக் காட்டி உறுதி சொன்னால், அது அளவீடு அன்று, அவருடைய ஊகம்.