பிறருக்காகப் பேசியவர்

தொழில்முறை மல்யுத்தத்தின் வரலாற்றை எழுதுபவர்கள் பெரும்பாலும் மல்லர்களைப் பற்றியே எழுதுகிறார்கள். மனேஜரை ஒரு பத்தியில் கடந்துவிடுகிறார்கள். எனக்கு அந்த மனேஜரில்தான் அக்கறை. கயிற்றுக்கு வெளியே மினுங்கும் கோட்டோடு நின்று, தன் மல்லனுக்காக வாய் ஓயாமல் பேசி, சனத்திடம் ஏச்சு வாங்கி, கடைசியில் அடியும் வாங்குகிறவர் அவர். நம் கூத்துக் கட்டியக்காரனுக்கும் இவருக்கும் உறவுண்டு. ஆனால் கட்டியக்காரனைச் சபை விரும்பும். இவரைச் சபை வெறுக்கவேண்டும். வெறுக்காவிட்டால் இவருக்குச் சம்பளமில்லை.

இந்தத் தொழிலின் உச்சம் என்று பலரும் ஒப்புக்கொள்ளும் பெயர் பொபி ஹீனன். சிக்காகோவில் பிறந்தவர். தாயையும் பேத்தியாரையும் பார்க்கவேண்டி எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டார். மல்யுத்த அரங்குகளில் மல்லர்களின் பைகளையும் மேலங்கிகளையும் சுமந்தார், குளிர்பானம் விற்றார். 1960களின் நடுப்பகுதியில் இண்டியானாபொலிஸில் அவரே மனேஜரானார்.

அந்த நாட்களில் மல்யுத்தக்காரர்கள் ஒரு சத்தியத்தைக் காத்தார்கள்: முடிவு முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்டது என்பதை வெளியாருக்குச் சொல்லக்கூடாது. கெட்டவனாக நடிப்பவன் தெருவிலும் கெட்டவனாகவே இருக்கவேண்டும். இதன் விலை சிறியதல்ல. 1970களில் சிக்காகோ அரங்கொன்றில் ஒரு பார்வையாளர் ஹீனனை நோக்கித் துப்பாக்கியால் சுட்டார். குண்டுகள் பட்டது அவருக்கல்ல, சுற்றி இருந்த பார்வையாளர்களுக்கு. நடிப்பென்று நாம் லேசாகச் சொல்லும் ஒன்று, நம்பியவர்களின் கையில் என்னவாகும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

மனேஜரின் பயன் என்ன? பல மல்லர்களுக்கு உடம்பு உண்டு, பேச்சு வராது. பேச்சுத்தான் நுழைவுச்சீட்டை விற்கும். 1987 மார்ச் 29 அன்று மிச்சிகனில் ஹல்க் ஹோகனும் பிரான்ஸ் நாட்டவரான அந்திரேயும் மோதினார்கள். அறிவிக்கப்பட்ட கூட்டம் 93,173 பேர். அது மிகைக் கணக்கு என்று பின்னர் ஆராய்ந்தவர்கள் சொன்னார்கள். அந்திரே அப்போது முதுகு நோயால் அசையவே சிரமப்பட்டார். அவருடைய ஆங்கிலமும் எல்லோருக்கும் விளங்கக்கூடியதல்ல. ஆகவே பல வாரங்களாக அவருடைய கோபத்தைச் சொற்களாக்கியவர் ஹீனன். அந்தச் சண்டையில் பாதி அவருடைய வாயில் நடந்தது என்பேன்.

பிறகு அவர் வர்ணனையாளரானார். பக்கத்தில் நேர்மையின் குரலாகக் கொரில்லா மொன்சூன். ஒருவர் நியாயம் சொல்ல, மற்றவர் அதை முறுக்கிச் சிரிப்பாக்கினார். 1993 டிசம்பரில் ஹீனன் நிறுவனத்தை விட்டு விலகியபோது, மொன்சூன் அவரை மண்டபத்திலிருந்து தூக்கி எறிவதாகத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். கமெராவுக்கு அப்பால் இருவரும் கட்டிப்பிடித்து அழுததாக ஹீனன் பின்னர் சொல்லியிருக்கிறார்.

இதற்கிடையில் அந்தப் பழைய சத்தியம் உடைந்துவிட்டது. 1989இல் டபிள்யூ டபிள்யூ எஃப் நிறுவனமே, தங்களுடையது விளையாட்டுப் போட்டியல்ல, கேளிக்கை என்று நியூ ஜேர்சி மாநில அவைக்குச் சொன்னது. விளையாட்டுக்கான கட்டுப்பாடுகளிலிருந்தும் வரியிலிருந்தும் தப்புவதே நோக்கம். மறைத்துவைக்க ஒன்றும் இல்லாத இடத்தில் நினைவுக்குறிப்புக்கு இடம் பிறக்கிறது. 1999இல் மிக் ஃபோலி தன் கைப்பட எழுதிய சுயசரிதை பெருவிற்பனையானது. பதிப்பகங்கள் மல்லர்களைத் தேடத் தொடங்கின.

ஹீனனின் முதல் நூல் 2002இல் வந்தது, இரண்டாவது 2004இல். இரண்டையும் இணையாசிரியர் ஒருவரோடு சேர்ந்து செய்தார். இதைக் காட்டி அவரை எழுத்தாளர் என்று ஏற்க மறுப்பவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. நம்மிடையேயும் எத்தனையோ வாழ்க்கைகள், சொன்னவர் ஒருவர், எழுதியவர் ஒருவர் என்றுதான் நூலாகியிருக்கின்றன. சொல்பவரின் மூச்சு வாக்கியத்தில் தங்கியிருக்கிறதா என்பதே கேள்வி. ஹீனனின் பக்கங்களில் அது தங்கியிருக்கிறது. அவர் நகைச்சுவையைச் சொல்லிவிட்டு அதை விளக்க நிற்பதில்லை, அடுத்ததற்குப் போய்விடுகிறார்.

முதல் நூல் வந்த அதே 2002இன் தொடக்கத்தில் அவருக்குத் தொண்டைப் புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்டது. சிகிச்சையால் உடல் மெலிந்தது, குரல் தேய்ந்தது. 2004இல் நிறுவனம் அவரைத் தன் புகழ் மண்டபத்தில் சேர்த்தபோது, ஐந்து ஆண்டுகளுக்கு முன் இறந்துபோன மொன்சூன் அங்கே இல்லையே என்ற ஒரு குறையை மட்டும் சொன்னார். பின்னர் வந்த தாடை அறுவைகள் பேச்சையே பெருமளவு பறித்தன. 2017 செப்டம்பரில் காலமானார்.

வாழ்நாள் முழுதும் பிறருக்காகப் பேசியவர், தனக்காகப் பேச எடுத்துக்கொண்ட காலம் மிகக் குறுகியது. அந்த இரண்டு நூல்களும் அதற்குள் முடிந்துவிட்டன என்பதில் எனக்கு ஒரு நிம்மதி. கொஞ்சம் பிந்தியிருந்தால், அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ளக் குரல் மிஞ்சியிருக்காது.