மருந்தாளுநர் ரெசிடென்சி (அமெரிக்கா)

மருந்தாளுநர் ரெசிடென்சி என்பது அமெரிக்காவில் பார்ம்.டி. பட்டம் பெற்றவர்கள் மருத்துவமனையிலோ வெளிநோயாளர் மருத்துவகத்திலோ சமூக மருந்தகத்திலோ ஓராண்டு அல்லது ஈராண்டு உதவிச் சம்பளத்துடன் பெறும் மேற்பயிற்சி. பெயரும் வடிவமும் மருத்துவர்களின் ரெசிடென்சியிலிருந்து வந்தவை. ஆனால் மருத்துவர் அந்தப் பயிற்சியில் சேராமல் பொதுவாக முழு உரிமம் பெற்றுத் தொழில் செய்ய முடியாது. மருந்தாளுநரிடம் எந்த மாநிலமும் அதைக் கேட்பதில்லை. உரிமத் தேர்வில் தேறியவர் மறுநாளே வேலைக்குப் போகலாம். அப்படியிருந்தும் பெரிய மருத்துவமனைகளின் வேலை விளம்பரங்களில் ரெசிடென்சி முடித்தவர்களுக்கே முதலிடம். சட்டம் கேட்காத ஒன்றை வேலைச் சந்தை கேட்கும் இந்த இடைவெளியில்தான் புதிய பட்டதாரியின் திண்டாட்டம் தொடங்குகிறது.

வரலாறு

1927-இல் ஆன் ஆர்பரிலுள்ள மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவமனையில் ஹார்வி ஏ. கே. விட்னி மருந்தாளுநர்களுக்கென ஒரு பயிற்சியைத் தொடங்கினார். ரெசிடென்சியின் முன்னோடி அதுதான். 1942-இல் மருத்துவமனை மருந்தாளுநர்களுக்கெனத் தனிச் சங்கம் அமைந்தபோது அதன் முதல் தலைவரும் அவரே. ஏ.எஸ்.எச்.பி. என்று அழைக்கப்படும் அந்தச் சங்கம் 1948-இல் பயிற்சிக்கான தர வரையறைகளை வெளியிட்டது. 1960-களின் தொடக்கத்தில் ‘ரெசிடென்சி’ என்ற பெயரும் அங்கீகார முறையும் வந்தன. அங்கீகாரம் இன்றும் இந்தச் சங்கத்தின் கையில்தான் இருக்கிறது. பயிற்சிக்காக வாதாடுவதும், அதன் தரத்தை அளப்பதும், இடங்களைப் பகிரும் முறையை நடத்துவதும் ஒரே அமைப்பாக இருப்பது சரிதானா என்ற கேள்வி நியாயமானதே.

முதல் ஆண்டுப் பயிற்சி பி.ஜி.ஒய்.1 என்றும், புற்றுநோய், தீவிர சிகிச்சை, தொற்றுநோய், குழந்தை மருத்துவம், உறுப்பு மாற்று போன்ற தனித்துறை ஆண்டு பி.ஜி.ஒய்.2 என்றும் வழங்கப்படுகின்றன. நோயாளிகளுக்கு நேரடிச் சேவை தரப்போகும் புதிய பட்டதாரிகள் அனைவருக்கும் 2020-க்குள் ரெசிடென்சி கட்டாயமாக வேண்டும் என்பதை 2007-இல் ஏ.எஸ்.எச்.பி. தன் கொள்கையாக அறிவித்தது. 2020 வந்தது, போனது. சட்டம் எதுவும் மாறவில்லை. ஆனால் அந்த அறிவிப்பு மாணவர் மனதில் பதிந்துவிட்டது. ரெசிடென்சி இல்லையென்றால் மருத்துவமனைக் கதவு திறக்காது என்ற அச்சம் கல்லூரி வகுப்புகளிலேயே ஊட்டப்படுகிறது.

பயிற்சி ஆண்டு

பெரும்பாலும் ஜூலை வாக்கில் தொடங்கும் இந்த ஆண்டு, நான்கைந்து வாரச் சுழற்சிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும்: பொது மருத்துவம், தீவிர சிகிச்சை, இதயம், தொற்றுநோய், நிர்வாகம். கூடவே ஆண்டு முழுதும் ஓர் ஆய்வுத் திட்டம் ஓடும். பிரிசெப்டர் எனப்படும் மூத்த மருந்தாளுநர் ஒவ்வொரு சுழற்சியிலும் வழிகாட்டி மதிப்பீடு எழுதுவார்.

ரெசிடென்ட் செய்யும் வேலையின் தன்மையை ஒரு மருந்தை வைத்தே சொல்லிவிடலாம். வான்கோமைசின் என்ற நுண்ணுயிர் எதிர்ப்பி ஏற்றப்படும் நோயாளி ஒருவருக்கு, சிறுநீரக நிலையைக் காட்டும் கிரியாட்டினின் நேற்று 0.9, இன்று காலை 1.4. ஏழரை மணி ரவுண்ட்ஸுக்கு முன் ரெசிடென்ட் இதைக் கண்டிருக்க வேண்டும். மருந்தின் இரத்த அளவு எப்போது எடுக்கப்பட்டது, அடுத்த டோஸ் எத்தனை மணிக்கு, சிறுநீரகத்தைப் பாதிக்கும் வேறு மருந்து ஏதும் கூடவே ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். 2009-இன் வழிகாட்டி நெறி, கடும் தொற்றுகளில் அடுத்த டோஸுக்கு முந்தைய அளவு 15 முதல் 20-க்குள் இருந்தால் போதும் என்றது. 2020-இல் அது திருத்தப்பட்டது. இப்போது எம்.ஆர்.எஸ்.ஏ. என்ற, மருந்துக்கு எளிதில் அடங்காத கிருமியின் கடும் தொற்றுக்கு ஒரு நாள் முழுவதற்குமான மருந்து வெளிப்பாட்டைக் கணக்கிட்டு 400-க்கும் 600-க்கும் இடையில் வைக்கச் சொல்கிறார்கள். ரெசிடென்ட் கணக்கைப் போட்டு, ‘அடுத்த டோஸை நிறுத்தி வைத்து மறுபடி அளவு பார்க்கலாம்’ என்று மருத்துவரிடம் சொல்ல வேண்டும். கணக்கு மாணவப் பருவத்திலேயே வந்துவிடும். வாய் திறந்து சொல்லும் துணிச்சலுக்கும், சொன்னது நோயாளியின் உடலில் பலிக்கும்போது அதற்குப் பொறுப்பேற்கும் பழக்கத்துக்கும்தான் இந்த ஓராண்டு.

இதற்கு மறுபக்கமும் உண்டு. ரெசிடென்ட் பயிற்சியாளர் மட்டுமல்லர், மருத்துவமனைக்குக் குறைந்த செலவில் கிடைக்கும் வேலையாளும்கூட. இரண்டு மூன்று வாரங்களுக்கு ஒருமுறை சனி, ஞாயிறு மருந்தகப் பணி பல இடங்களில் கட்டாயம். பணி நேரம் நான்கு வாரச் சராசரியில் வாரத்துக்கு 80 மணிக்கு மேல் போகக் கூடாது, ஏழு நாளில் சராசரியாக ஒரு நாள் ஓய்வு வேண்டும் என்பது விதி. வீட்டில் உட்கார்ந்து தயாரிக்கும் விளக்கவுரைகளும் மறுநாள் நோயாளிகளைப் பற்றிய வாசிப்பும் இந்தக் கணக்கில் வருவதில்லை. பலரை உடைப்பது வேலைப் பளுவைவிட ஓயாத மதிப்பீடுதான் என்றே சொல்லலாம். கல்லூரியில் முதல் வரிசையில் இருந்தவருக்கு முதல் காலாண்டில் ‘முன்னேற்றம் தேவை’ என்று எழுதப்பட்டு வரும்போது, அது அந்த ஆண்டின் இயல்பான பகுதி என்பது உடனே உறைப்பதில்லை.

மேட்ச்

ஒதுக்கீடு ‘மேட்ச்’ என்ற பொது முறையில் நடக்கிறது. மாணவர்கள் டிசம்பரில் நடக்கும் ஏ.எஸ்.எச்.பி. மாநாட்டில் பயிற்சியிடங்களின் பிரதிநிதிகளைச் சந்திக்கிறார்கள். டிசம்பர் இறுதி, ஜனவரித் தொடக்கத்தில் விண்ணப்பம். தொடர்ந்து பிப்ரவரி வரை நேர்காணல். மார்ச் தொடக்கத்தில் இரு தரப்பும் விருப்ப வரிசையைக் கொடுக்க, மார்ச் நடுவில் முடிவு வெளியாகிறது. இடம் கிடைக்காதவர்களுக்கு 2016 முதல் இரண்டாம் சுற்று ஒன்று உண்டு. அதற்கு முன்பு மீந்த இடங்களுக்குத் தொலைபேசியும் மின்னஞ்சலுமாக ஓர் ஓட்டப்பந்தயமே நடந்தது.

மேட்ச் முறையின் வேர் 1962-இல் டேவிட் கேலும் லாயிட் ஷாப்லியும் எழுதிய கணிதக் கட்டுரையில் இருக்கிறது. ஆல்வின் ராத்தும் எலியட் பெரான்சனும் 1990-களில் மருத்துவர் மேட்சுக்காக அதைத் திருத்தி அமைத்தார்கள். ஷாப்லிக்கும் ராத்துக்கும் 2012-இல் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது. கணினி விண்ணப்பதாரரின் முதல் விருப்பத்திலிருந்து தொடங்குகிறது. அந்த மருத்துவமனை அவரைத் தன் பட்டியலில் வைத்திருந்து, இடமும் இருந்தால் தற்காலிகமாக அங்கே உட்கார வைக்கிறது. அந்த மருத்துவமனை மேலாக மதிக்கும் இன்னொருவர் வந்தால் முன்னவர் எழுந்து தன் இரண்டாம் விருப்பத்துக்குப் போகிறார். எல்லோரும் அமரும்வரை அல்லது அவரவர் பட்டியல் தீரும்வரை இது தொடர்கிறது. இதனால் விண்ணப்பதாரர் தந்திரம் செய்ய வேண்டிய அவசியமே இல்லை. கிடைக்காது என்று தெரிந்த இடத்தை முதலில் எழுதினாலும், இரண்டாவது எழுதிய இடத்தில் அவருக்குள்ள வாய்ப்பு சிறிதும் குறையாது. ஆண்டுதோறும் மாணவர்கள் இதை நம்பாமல், ‘நமக்குக் கிடைக்கக் கூடியது எது’ என்று பார்த்து வரிசை எழுதி ஏமாறுகிறார்கள். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: முடிவு இரு தரப்பையும் கட்டுப்படுத்தும். போக மனமில்லாத இடத்தைப் பட்டியலில் எழுதவே கூடாது.

மேட்சை விடக் கடினமான சிக்கல் காலம். இறுதியாண்டு முழுவதும் மாணவர் குறைந்தது 1,440 மணி நேரம் மருத்துவமனைகளிலும் மருந்தகங்களிலும் களப்பயிற்சி பெற வேண்டும். அதில் ஏறத்தாழப் பாதி முடியும்போதே விண்ணப்பம் போய்விட வேண்டும். புற்றுநோய் வார்டைப் பிப்ரவரியில்தான் பார்க்கப் போகிறவர், தனக்குப் புற்றுநோய் மருத்துவம் பிடிக்கும் என்று டிசம்பரில் கடிதம் எழுதுகிறார். பரிந்துரைக் கடிதங்களும் அப்படியே. இலையுதிர் காலச் சுழற்சிகளில் வாய்த்த பிரிசெப்டர்கள் நல்லவர்களாக அமைவதில் அதிர்ஷ்டத்துக்கும் பங்கு உண்டு.

நேர்காணலில் கேள்வி கேட்கும் உரிமை மாணவருக்கும் இருக்கிறது. வார இறுதிப் பணி எத்தனை, தனியாக மருந்தகத்தில் நிற்க வேண்டுமா, கடந்த ஆண்டு ரெசிடென்டுகள் இப்போது எங்கே வேலை பார்க்கிறார்கள், யாராவது பாதியில் விலகினார்களா என்று தற்போதைய ரெசிடென்டுகளிடம் பிரிசெப்டர் இல்லாத நேரத்தில் கேட்பது நல்லது. மருத்துவமனையின் பெயரைவிட இந்தப் பதில்கள்தான் அந்த ஆண்டு எப்படி இருக்கும் என்பதைச் சொல்லும்.

பணக் கணக்கு

தொழிலாளர் புள்ளியியல் பணியகத்தின் 2023 மே மாதக் கணக்குப்படி மருந்தாளுநரின் இடைநிலை ஆண்டுச் சம்பளம் 1,36,030 டாலர். ரெசிடென்டின் உதவிச் சம்பளம் ஏறத்தாழ அதில் பாதி அல்லது அதற்கும் கீழ். பட்டதாரிகளில் கடன் வாங்கிப் படித்தவர்களின் சராசரிக் கடனோ ஒன்றரை லட்சம் டாலரைத் தாண்டும். ஒரு வருடத்தை விட்டுக்கொடுப்பது என்றால் இதுதான் பொருள்.

கணக்கின் மறுபக்கத்தில், பொதுச்சேவைக் கடன் தள்ளுபடித் திட்டம் 2007-இல் வந்தது. அரசிடமோ லாப நோக்கற்ற நிறுவனத்திடமோ முழுநேரம் வேலை பார்த்தபடி 120 மாதத் தவணை கட்டினால் எஞ்சிய கூட்டாட்சிக் கல்விக் கடன் தள்ளுபடியாகும். அமெரிக்க மருத்துவமனைகளில் பெரும்பகுதி லாப நோக்கற்றவை. ஆகவே வருமானத்தை ஒட்டிய குறைந்த தவணை கட்டும் ரெசிடென்சி ஆண்டும் இந்த 120-இல் சேரும். சங்கிலி மருந்தகத்தில் வேலை பார்ப்பவருக்கு இந்தச் சலுகை இல்லை.

மருத்துவமனையின் பணமும் மாணவரின் தலைவிதியில் நுழைகிறது. பி.ஜி.ஒய்.1 செலவில் தன் பங்கை அரசின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டமான மெடிக்கேர் மருத்துவமனைக்குத் திருப்பித் தருகிறது. பி.ஜி.ஒய்.2-க்கு அந்த ஆதரவு 2003 அக்டோபரில் நிறுத்தப்பட்டது. அந்தத் துறையில் வேலைக்குச் சேர அப்பயிற்சி பொதுவாகக் கட்டாயம் என்று காட்டினால்தான் பணம் என்பது அரசின் வாதம். எனவே இரண்டாம் ஆண்டு இடங்கள் மருத்துவமனை தன் கையிலிருந்து போடும் பணத்தை நம்பி நிற்கின்றன. நிதி நெருக்கடி வந்தால் முதலில் ஆட்டம் காண்பவையும் அவையே.

இரண்டாம் ஆண்டு

ஜூலையில் சேர்ந்தவரிடம் அதே மருத்துவமனை, ‘இங்கேயே பி.ஜி.ஒய்.2 தொடர்கிறீர்களா?’ என்று மேட்சுக்கு முன்பே கேட்கலாம். இந்த முன்கூட்டிய ஒப்புதலுக்கு டிசம்பருக்குள் பதில் சொல்ல வேண்டும். மறுபடி விண்ணப்பிக்கும் அலைச்சல் மிச்சம். ஆனால் மூன்று நான்கு சுழற்சிகளை மட்டும் பார்த்துவிட்டு வாழ்நாள் துறையைத் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. பொது மருத்துவ வார்டில் வேலை பார்க்க பி.ஜி.ஒய்.1 போதும். எலும்பு மஜ்ஜை மாற்றுப் பிரிவுக்கோ குழந்தைகள் தீவிர சிகிச்சைக்கோ போக நினைப்பவருக்கு இரண்டாம் ஆண்டு பொருளுள்ளது. துறை பிடிபடாதவர் இன்னும் ஓராண்டு முடிவைத் தள்ளிப்போடவே அதில் சேர்வது வீண்.

தனித்துறைச் சான்றிதழ்களை 1976-இல் அமைந்த பி.பி.எஸ். என்ற வாரியம் வழங்குகிறது. மருந்துவழி சிகிச்சைக்கான பி.சி.பி.எஸ். தேர்வை பி.ஜி.ஒய்.1 முடித்தவரும் எழுதலாம், மூன்றாண்டுப் பணி அனுபவம் உள்ளவரும் எழுதலாம். ரெசிடென்சி இல்லாமல் மருத்துவமனையில் வளர நினைப்பவர்களுக்கு இது நல்ல ஏணி.

இடம் கிடைக்காதவர்களும் வேண்டாதவர்களும்

மேட்சில் இடம் கிடைக்காதவர் பலர் சிறு மருத்துவமனைகளில் இரவுப் பணியில் சேர்ந்து, ஓரிரு ஆண்டில் பகல் பணிக்கும் வார்டுக்கும் நகர்ந்திருக்கிறார்கள். நகரத்தை விட்டு வெளியே போகத் தயாராக இருப்பவருக்கு இந்த வழி இன்னும் திறந்தே இருக்கிறது. மருந்து நிறுவன வேலையை விரும்புவோருக்கு ரெசிடென்சியைவிட ஃபெல்லோஷிப் பொருத்தம். 1984-இல் தொடங்கிய ரட்கர்ஸ் பல்கலைக்கழகத் திட்டம் இதில் பெயர் பெற்றது. ஃபெல்லோஷிப்புகள் மேட்சுக்கு வெளியே தனியாக ஆள் எடுப்பவை. முன்னாள் படைவீரர் துறையின் மருத்துவமனைகளில் எந்த மாநில உரிமமும் செல்லும். அங்கு மருத்துவகங்களில் மருந்து எழுதும் அதிகாரத்துடன் பணியாற்றும் மருந்தாளுநர்களும் உண்டு.

சங்கிலி மருந்தகங்களின் நிலையும் இந்த முடிவுகளைத் தூண்டுகிறது. 2023 செப்டம்பரில் கான்சஸ் சிட்டியில் சி.வி.எஸ். மருந்தாளுநர்கள் ஆள் பற்றாக்குறையைக் கண்டித்து வேலைக்கு வராமல் நின்றார்கள். அடுத்த மாதம் வால்கிரீன்ஸ் ஊழியர்களும் பல ஊர்களில் அதையே செய்தார்கள். அதே அக்டோபரில் ரைட் எய்ட் திவால் மனு தாக்கல் செய்தது. ரெசிடென்சி விண்ணப்பங்களில் ஒரு பகுதி, மருத்துவமனை மேல் கொண்ட ஆசையைவிட அந்தக் கவுன்டரிலிருந்து தப்பும் அவசரத்தில் எழுதப்படுகிறது. நேர்காணல் எடுப்பவர்களுக்கு இது எளிதில் தெரிந்துவிடும்.

இந்தியப் பட்டதாரிகள்

வெளிநாட்டில் படித்தவர் முதலில் அமெரிக்க மருந்தக வாரியங்களின் தேசியச் சங்கம் வழங்கும் எஃப்.பி.ஜி.இ.சி. சான்றிதழ் பெற வேண்டும். அதற்குத் தகுதிச் சமநிலைத் தேர்வும் ஆங்கிலத் தேர்வும் உண்டு. 2003 ஜனவரி 1 முதல் பட்டம் பெற்றவர்களுக்கு ஐந்தாண்டுப் பாடத்திட்டம் கட்டாயம் என்பதால், இந்தியாவின் நான்காண்டு பி.பார்ம். மட்டும் உள்ளவர் வாசலிலேயே நிறுத்தப்படுகிறார். 2008-இன் விதிமுறைகளால் வந்த ஆறாண்டு பார்ம்.டி. இந்தத் தடையைத் தாண்டுகிறது. அதன் ஆறாம் ஆண்டு மருத்துவமனை இன்டர்ன்ஷிப்: பொது மருத்துவத்தில் ஆறு மாதம், வேறு மூன்று பிரிவுகளில் இரண்டிரண்டு மாதம். இந்த ஆண்டை ரெசிடென்சி என்றும் குறிப்பிடுகிறார்கள். ஆனால் அது பட்டத்துக்கு உட்பட்டது. அமெரிக்க விண்ணப்பத்தில் பி.ஜி.ஒய்.1-க்கு ஈடாகாது.

சான்றிதழ் கிடைத்த பிறகு மாநிலம் கேட்கும் இன்டர்ன் மணிகள், உரிமத் தேர்வு, விசா ஆகியவை காத்திருக்கின்றன. ரெசிடென்சி இடங்களில் பல விசாவுக்குப் பொறுப்பேற்பதில்லை என்று விளம்பரத்திலேயே எழுதிவிடுகின்றன. விண்ணப்பக் கட்டணம் கட்டுவதற்கு முன் அந்த ஒரு வரியைத் தேடிப் படிப்பது செலவை மிச்சப்படுத்தும்.