கிராஃபிக்ஸ் கார்டு புதுசு, ஆனா கேம் ஏன் இன்னும் இழுக்குது? பழைய பிராசசரால் வரும் சிக்கல்

பத்து பாகாட்டை அடுத்த பாரிட் ராஜாவில் துன் உசேன் ஓன் மலேசியா பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே படிக்கும் மாணவர் ஒருவரின் இடத்தில் உங்களை வைத்துப் பாருங்கள். கையில் இருப்பது அலுவலகம் ஒன்று கழித்துவிட்ட செகண்ட் ஹேண்ட் கணினி. விடுமுறையில் பகுதி நேர வேலை செய்து சேர்த்த பணத்தில் புது கிராஃபிக்ஸ் கார்டு வாங்கி மாட்டுகிறீர்கள். கேமைத் திறக்கிறீர்கள். படம் அழகாக இருக்கிறது. ஆனால் சண்டைக் காட்சி வந்ததும் பழையபடி திக்கித் திக்கி ஓடுகிறது.

"கார்டு பழுதா இருக்குமோ?" என்றுதான் முதலில் தோன்றும். பல நேரங்களில் கார்டில் ஒரு கோளாறும் இருக்காது. அதற்கு வேலை கொடுக்க வேண்டிய பிராசசர்தான் பின்தங்கி நிற்கும்.

இது சின்ன விஷயமல்ல. மலேசியாவில் 2025 பிப்ரவரி முதல் மாதக் குறைந்தபட்ச சம்பளம் 1,700 ரிங்கிட். ஒரு நடுத்தர கிராஃபிக்ஸ் கார்டின் விலையே ஆயிரம் ரிங்கிட்டைத் தாண்டிவிடும். ஏறக்குறைய ஒரு மாத உழைப்பைத் தவறான பாகத்தில் போடாமல் இருக்க என்ன பார்க்க வேண்டும்?

பிராசசருக்கு என்ன வேலை, கார்டுக்கு என்ன வேலை?

கேமில் நீங்கள் காணும் அசைவு, ஒன்றன்பின் ஒன்றாக வரும் நிலைப்படங்கள்தான். ஒவ்வொரு படத்தையும் ஃபிரேம் என்கிறோம். ஒரு நொடியில் எத்தனை ஃபிரேம் வருகிறது என்பதே எஃப்பிஎஸ்.

ஒரு ஃபிரேம் தயாராக இரண்டு பேர் உழைக்க வேண்டும். நீங்கள் எந்தப் பட்டனை அழுத்தினீர்கள், எதிரி எங்கே நகர்ந்தான், குண்டு யார் மேல் பட்டது, எந்தெந்தப் பொருள் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதையெல்லாம் பிராசசர் கணக்கிடுகிறது. பிறகு "இதை இதை வரை" என்று கார்டுக்கு ஒரு பட்டியல் அனுப்புகிறது. அந்தப் பட்டியலைப் பார்த்து வண்ணம், ஒளி, நிழல் எல்லாம் போட்டு வரைவதுதான் கார்டின் வேலை.

ரொட்டி சானாய் கடையை நினைத்துப் பாருங்கள். ஒருவர் மாவைப் பிசைந்து உருண்டை பிடித்துத் தருகிறார். இன்னொருவர் வீசிக் கல்லில் போடுகிறார். வீசுபவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், உருண்டை வந்தால்தான் ரொட்டி வரும். உருண்டை பிடிப்பவர் மெதுவாக இருந்தால் வீசுபவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். அவருக்குப் பதில் இன்னும் வேகமாக வீசும் ஒருவரைக் கூட்டி வந்தாலும் ரொட்டி எண்ணிக்கை கூடாது.

எண்களில் பார்த்தால்?

ஒரு எளிய கணக்கு. உங்கள் பிராசசர் ஒரு ஃபிரேமுக்கான பட்டியலைத் தயாரிக்க 20 மில்லி நொடி எடுக்கிறது, கார்டு அதை வரைய 8 மில்லி நொடி எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கார்டு ஒரு ஃபிரேமை வரையும்போதே பிராசசர் அடுத்ததைத் தயாரிக்கத் தொடங்கிவிடும். ஆகவே இரண்டில் எது மெதுவோ, அதுவே வேகத்தை முடிவு செய்கிறது.

ஒரு நொடி என்பது 1,000 மில்லி நொடி. 1,000ஐ 20ஆல் வகுத்தால் 50. உங்களுக்குக் கிடைப்பது 50 எஃப்பிஎஸ். கார்டு தனியாக 125 வரை வரையக்கூடியது. ஆனால் ஒவ்வொரு 20 மில்லி நொடியிலும் 12 மில்லி நொடி அது சும்மா நிற்கிறது. அதாவது 40 சதவீதம்தான் வேலை செய்கிறது.

இப்போது அதைவிட விலை கூடிய, 5 மில்லி நொடியில் வரையும் கார்டை மாட்டினால்? அப்போதும் 50தான். கார்டின் உழைப்பு மட்டும் 25 சதவீதமாக இறங்கும். பணம் போச்சு, ஃபிரேம் வரல.

சராசரி எண் நன்றாக இருந்தும் கேம் திக்குவதுண்டு. பெரும்பாலான ஃபிரேம்கள் சீராக வந்து, நடுநடுவே ஒன்று மட்டும் 60 அல்லது 80 மில்லி நொடி தாமதமானால், கண் அதை உடனே பிடித்துவிடும். கூட்டமான நகரம், பலர் சேர்ந்து சண்டையிடும் இடம், வேகமாக வண்டி ஓட்டும் காட்சி ஆகியவற்றில் பிராசசருக்குத் திடீரெனச் சுமை கூடுவதால் இது நடக்கும். புது ஒளி விளைவுகளைக் கேம் முதல் தடவை தயார்செய்யும்போதும் இப்படித் திக்கலாம்.

"கோர் நிறைய இருக்கே" என்றால் போதாதா?

போதாது. கேமின் பல வேலைகளை ஒன்று முடிந்த பிறகுதான் அடுத்ததைத் தொடங்க முடியும். குண்டு பட்டதா என்று தெரிந்தால்தான் எதிரி விழுவானா என்று முடிவு செய்யலாம். எனவே கேம்களில் ஒரு முக்கிய வேலைத்தொடர் இருக்கும். அது பெரும்பாலும் ஒரே கோரில் ஓடும். வேலையின் ஒரு பகுதியைப் பிரித்துக் கொடுக்கவே முடியாது என்றால், எத்தனை பேரைச் சேர்த்தாலும் வேகத்துக்கு ஓர் எல்லை உண்டு. கணினி வல்லுநர் ஜீன் அம்டால் 1967இலேயே இதை விளக்கினார்.

ஒவ்வொரு கோரின் வேகமும், பிராசசருக்குள்ளேயே இருக்கும் கேஷ் நினைவகத்தின் அளவும் முக்கியம். 2022இல் வந்த ஏஎம்டி ரைசன் 7 5800எக்ஸ்3டி பிராசசரில் 96 எம்பி எல்3 கேஷ் உண்டு. அதற்கு முன் வந்த 5800எக்ஸில் 32 எம்பிதான். இரண்டிலும் 8 கோர்கள். கடிகார வேகம் சற்றுக் குறைவாக இருந்தும், பல கேம்களில் கேஷ் கூடிய பிராசசரே முந்தியது.

செகண்ட் ஹேண்ட் அலுவலகக் கணினிகளில் அடிக்கடி காணும் இன்டெல் கோர் ஐ5-6500 வந்தது 2015இல். அதில் 4 கோர், 4 திரெட். அலுவலக வேலைக்கு இன்றும் சமாளிக்கும். நவீன கேம்களுக்கு அது மூச்சு வாங்கும்.

உலகமே கவனித்த ஓர் உதாரணம்

இன்டெல் நிறுவனம் 2024 டிசம்பரில் ஆர்க் பி580 என்ற கிராஃபிக்ஸ் கார்டை 249 அமெரிக்க டாலருக்கு அறிமுகம் செய்தது. விலைக்குத் தகுந்த வேகம் என்று பாராட்டும் கிடைத்தது. அந்தச் சோதனைகள் பெரும்பாலும் விலை உயர்ந்த புது பிராசசர்களில் நடந்தவை.

2025 ஜனவரியில் ஹார்ட்வேர் அன்பாக்ஸ்ட் போன்ற யூடியூப் சேனல்கள் அதே கார்டைப் பழைய ரைசன் பிராசசர்களுடன் சேர்த்துச் சோதித்தன. சில கேம்களில் அதன் வேகம் வெகுவாக இறங்கியது. புது பிராசசரில் முந்திய கார்டு, பழைய பிராசசரில் போட்டி கார்டான ஆர்டிஎக்ஸ் 4060க்குப் பின்னால் போனது. கார்டை இயக்கும் டிரைவர் மென்பொருளே பிராசசரிடம் கூடுதல் வேலை வாங்கியதுதான் பிரச்சினை.

மலிவு கார்டை வாங்குபவர்களிடம்தான் பழைய பிராசசரும் இருக்கும். ஆகவே ஒரு கார்டின் விமர்சனத்தைப் பார்க்கும்போது, எந்தப் பிராசசரோடு சோதித்தார்கள் என்பதையும் பாருங்கள்.

வீட்டிலேயே சோதிப்பது எப்படி?

காசு செலவில்லாமல் பத்து நிமிடத்தில் இதைச் செய்யலாம்.

முதலில் கேமில் வி-சிங்க்கையும் எஃப்பிஎஸ் வரம்பையும் நிறுத்துங்கள். இவை இருந்தால் முடிவு தவறாக வரும்.

அடுத்து எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் போன்ற இலவச மென்பொருளைப் போட்டு, எஃப்பிஎஸ்ஸும் கார்டின் பயன்பாட்டுச் சதவீதமும் திரையில் தெரியும்படி செய்யுங்கள். கேம் திக்கும் இடத்துக்குப் போய்ப் பாருங்கள். கார்டு 95 சதவீதத்துக்கு மேல் உழைத்தால் கார்டுதான் எல்லை. 50, 60 சதவீதத்திலேயே நின்றால் பிராசசரைச் சந்தேகிக்கலாம்.

பிறகு ரெசல்யூஷனை 1080பியிலிருந்து 720பிக்கு இறக்குங்கள். எஃப்பிஎஸ் நன்றாக ஏறினால் தடை கார்டில். கொஞ்சமும் ஏறவில்லை என்றால் பிராசசர் பக்கம். காரணம், ரெசல்யூஷன் குறைந்தால் கார்டு வரைய வேண்டிய புள்ளிகள்தான் குறையும். எதிரி எங்கே நிற்கிறான் என்ற பிராசசரின் கணக்கு அப்படியே இருக்கும்.

ஒரு எச்சரிக்கை. டாஸ்க் மேனேஜரில் "பிராசசர் 60 சதவீதம்தான் ஓடுது, அப்புறம் எப்படி அது தடையாகும்?" என்று கேட்கத் தோன்றும். அந்த எண் எல்லாக் கோர்களின் சராசரி. ஒரு கோர் முழுக்கத் திணறிக்கொண்டு, மற்றவை பாதி சும்மா இருந்தாலும் 60 என்றே காட்டும்.

இணையத்தில் "இந்தப் பிராசசருக்கும் கார்டுக்கும் இத்தனை சதவீதம் தடை" என்று சொல்லும் கணிப்பான்களும் உண்டு. அவற்றை நம்பி வாங்க வேண்டாம். தடையின் அளவு கேமுக்குக் கேம், காட்சிக்குக் காட்சி, ரெசல்யூஷனுக்கு ரெசல்யூஷன் மாறும்.

காசு போடாமல் என்ன செய்யலாம்?

கேம் அமைப்புகளில் மக்கள் கூட்டம், எவ்வளவு தூரம் தெரிய வேண்டும் என்பவற்றைக் குறையுங்கள். ரே டிரேசிங்கை நிறுத்துங்கள். அது கார்டோடு பிராசசருக்கும் சுமை ஏற்றும்.

கார்டு சும்மா நிற்கிறது என்றால் அதற்கு வேலை கொடுங்கள். டெக்ஸ்சர் தரத்தை, கார்டின் நினைவகம் தாங்கும்வரை, உயர்த்தலாம். மானிட்டர் அனுமதித்தால் 1440பிக்கும் போகலாம். 1080பியில் ஏறக்குறைய 20.7 லட்சம் புள்ளிகள், 1440பியில் 36.9 லட்சம். எஃப்பிஎஸ் பெரிதாகக் குறையாமல் படம் தெளிவாகும்.

எஃப்பிஎஸ் ஏறி இறங்குவது எரிச்சலாக இருந்தால், பிராசசர் சிரமமின்றி எட்டும் எண்ணில், உதாரணமாக 45இல், வரம்பு வையுங்கள். ஏறி இறங்கும் 70ஐவிடச் சீரான 45 கண்ணுக்கு இதமாக இருக்கும்.

ரேம் ஒற்றைத் துண்டாக இருக்கிறதா என்று பாருங்கள். அலுவலகக் கணினிகளில் இது சகஜம். அதே வகையில் இரண்டு துண்டுகளாகப் போட்டால் பிராசசருக்குத் தகவல் வரும் பாதை இரட்டிப்பாகும். இதற்குக் கொஞ்சம் செலவாகும்; ஆனால் கார்டு விலையில் சிறு பங்குதான்.

நம் ஊர் வெயிலையும் மறக்க வேண்டாம். ஏர்கான் இல்லாத அறையில், தூசி அடைத்த மின்விசிறியோடு ஓடும் பிராசசர் சூடேறினால் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். தூசி தட்டி, காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டை மாற்றினாலே சில கணினிகள் தேறிவிடும்.

டிஎல்எஸ்எஸ் போன்ற வசதி உதவுமா? குறைந்த ரெசல்யூஷனில் வரைந்து பெரிதாக்கும் முறை கார்டின் சுமையைத்தான் குறைக்கும். தடை பிராசசரில் இருந்தால் பெரிய பலன் இல்லை. ஃபிரேம் ஜெனரேஷன் இடையிடையே கூடுதல் ஃபிரேம்களைச் செருகுவதால் எஃப்பிஎஸ் எண் கூடும். ஆனால் நீங்கள் பட்டனை அழுத்தியதற்குக் கேம் பதில் தரும் வேகம் கூடாது.

மாற்றுவதென்றால் எதை, எந்த வரிசையில்?

முதலில் மதர்போர்டின் பெயரைக் கண்டுபிடியுங்கள். அது எந்தெந்தப் பிராசசரை ஏற்கும் என்பது தயாரிப்பாளரின் இணையத்தளத்தில் இருக்கும். ஏஎம்டியின் ஏஎம்4 போர்டு என்றால் அதிர்ஷ்டம். 2018இல் வந்த ரைசன் 5 2600ஐ எடுத்துவிட்டு, பயோஸைப் புதுப்பித்த பின் பல போர்டுகளில் ரைசன் 5 5600 போடலாம். போர்டும் ரேமும் அப்படியே இருக்கும்.

ஐ5-6500 வைத்திருப்பவர்களுக்கு வழி குறுகல். அந்த போர்டுகள் பொதுவாக 6, 7ஆம் தலைமுறை பிராசசர்களையே ஏற்கும். 8 திரெட் உள்ள ஐ7-6700 திக்கலைக் கொஞ்சம் தணிக்கும். ஆனால் இந்தத் தலைமுறைகளில் பெரும்பாலானவற்றை விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக ஏற்பதில்லை. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. ஆகவே பணத்தைப் பழைய போர்டில் போடுவதா, பிராசசர், போர்டு, ரேம் மூன்றையும் சேர்த்து மாற்றச் சேமிப்பதா என்று யோசிப்பது நல்லது.

கார்டே வாங்குவதென்றாலும், அலுவலகக் கணினியின் பவர் சப்ளையை முதலில் திறந்து பாருங்கள். பலவற்றில் கார்டுக்கான தனி மின் இணைப்பே இருக்காது.

தடையே இல்லாத கணினி உண்டா?

இல்லை. எந்தக் கணினியிலும் ஏதோ ஒன்று மற்றதைவிட மெதுவாகத்தான் இருக்கும். உங்கள் மானிட்டர் 60 ஹெர்ட்ஸ், கேம் சீராக 60 எஃப்பிஎஸ் தருகிறது என்றால், கார்டு பாதி சும்மா நின்றாலும் கவலை வேண்டாம். கண்ணுக்குத் தெரியாத தடைக்கு வைத்தியம் தேவையில்லை.

கேம் திக்கினால் மட்டும், கடைக்குப் போவதற்கு முந்தின இரவு 720பி சோதனையைச் செய்து, முடிவை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். "எந்த கார்டு நல்லது?" என்று கேட்பதைவிட, "என் பிராசசர் இது, போர்டு இது, கார்டு இத்தனை சதவீதம்தான் ஓடுது" என்று சொல்லிக் கேளுங்கள். சரியான பதில் கிடைக்க அது போதும். சில நேரம் அந்தப் பதில், "இப்போ கார்டு வாங்காதீங்க" என்பதாகவும் இருக்கலாம்.