தகரப்பெட்டியும் திறன்பேசியும்

ஆனி, ஆடி மாதங்களில் குற்றாலத்துப் பேரருவியின் முன் நின்று பார்ப்போர் ஒரு காட்சியைக் கண்டிருப்பர். சாரலில் நனைந்தபடி ஒருவர் கையிலுள்ள திறன்பேசியை உயர்த்திப் பிடித்திருப்பார். அதன் சிறு திரையில் வேறொரு முகம் தெரியும். அது துபாயிலோ, ரியாத்திலோ, சிங்கப்பூரிலோ பணியாற்றும் அண்ணனாகவோ மகனாகவோ இருக்கும். விடுமுறை கிடைக்காமல் அங்கேயே தங்கிவிட்டவர், இங்கே விழும் அருவியை அந்தத் திரை வழியே பார்த்துக்கொண்டிருப்பார். அந்தக் கருவியும் பெரும்பாலும் அவரே சென்ற விடுமுறையில் வாங்கி வந்து கொடுத்ததாயிருக்கும்.

இக்காட்சியைக் கண்டு மகிழ்கின்ற நாம், ஒரு வினாவையும் எழுப்பிப் பார்க்க வேண்டியவர்களாய் இருக்கின்றோம். தென்காசி வட்டாரத்திலிருந்து கடல் கடந்து சென்றோரின் குரல் இவ்வளவு எளிதாய், இவ்வளவு அருகில் என்றும் கேட்டதில்லை. ஆயினும், ஐம்பது ஆண்டுகளுக்குப் பின்னர் அக்குரலில் ஏதேனும் ஒரு துளி எஞ்சியிருக்குமா?

கடிதங்களின் காலம்

தென்காசிக்கும் கடல் கடந்த நாடுகளுக்கும் உள்ள உறவு நேற்றுத் தோன்றியதன்று. 1904ஆம் ஆண்டில் செங்கோட்டை வழியாகக் கொல்லத்திற்கு இருப்புப்பாதை திறக்கப்பட்டபோது, மலைக்கு இப்பாலிருந்த இப்பகுதிக்கு மேற்குக் கடலின் வாயிலும் திறந்தது. கிழக்கே தூத்துக்குடித் துறைமுகத்திலிருந்து கொழும்புக்குக் கப்பல்கள் சென்றன. இலங்கைக்குப் போனவர் பலர். பர்மாவுக்கும் மலேயாவுக்கும் போனவரும் உண்டு.

இவர்களுள் கடையநல்லூர், தென்காசி முஸ்லிம் பெருமக்களின் சிங்கப்பூர்க் குடியேற்றம் தனித்துக் குறிப்பிடத் தக்கது. கைத்தறித் தொழில் நலிவுற்ற நாள்களில் அவர்கள் கப்பலேறினர். தமிழ்நாட்டிலிருந்து சென்ற பிற வணிகர்களுள் பலர் குடும்பத்தை ஊரில் விட்டுத் தனியே சென்றிருக்க, இவர்களுள் பலர் மனைவி மக்களோடு அங்கே குடியேறினர். 1941ஆம் ஆண்டில் சிங்கப்பூர்க் கடையநல்லூர் முஸ்லிம் லீக் என்னும் அமைப்பையும் ஏற்படுத்தினர். சிங்கப்பூர் நகரின் ஒரு தெரு இன்றும் கடையநல்லூர்த் தெரு என்றே வழங்குகிறது. ஊரின் பெயர் ஓர் அயல்நாட்டுத் தெருப்பலகையில் நிலைபெற்றது சிறு செய்தியன்று.

அந்நாள்களில் செய்தி என்றால் கடிதமே. எழுதத் தெரியாதவர் எழுதத் தெரிந்தவரிடம் சொல்லி எழுதுவித்தார். இங்கே படிக்கத் தெரியாத தாய்க்குத் தபால்காரரோ, பள்ளி செல்லும் பேரனோ படித்துக் காட்டினர். ஒரு கடிதம் மூவரின் குரல் வழியே வந்து சேர்ந்தது எனலாம். கமுக்கம் என்பது அதில் குறைவு. ஆனால் ஆயுள் மிகுதி. படித்து முடித்த கடிதம் தகரப்பெட்டிக்குள் சென்றது. நிலப்பத்திரமும் திருமணப் புடவையும் இருந்த பெட்டியில் அதுவும் இடம்பெற்றது.

1942ஆம் ஆண்டு பெப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. 1945 செப்டம்பர் வரை நீடித்த அந்த மூன்றரை ஆண்டுகளில் ஊருக்கும் அங்கிருந்தவர்களுக்கும் இடையே அஞ்சல் அறுந்தது. உயிரோடு இருக்கின்றாரா என்பதே தெரியாமல் காத்திருந்த வீடுகள் எத்தனையோ! பெட்டியிலுள்ள கடிதங்களில் விழுந்த அந்த இடைவெளியே ஒரு சான்றாவணம். எழுதப்படாத கடிதங்களுங்கூட வரலாற்றைச் சொல்கின்றன. ஆனால், முன்னும் பின்னும் எழுதப்பட்டவை இருந்தால்தானே இடைவெளி கண்ணுக்குத் தெரியும்?

ஒலிநாடாவும் மஞ்சள் பலகையும்

எழுபதுகளில் எண்ணெய் வளத்தால் வளைகுடா நாடுகள் வேலைவாய்ப்பைத் திறந்துவிட்டபோது, இவ்வட்டார இளைஞர்களும் அங்கே சென்றனர். அவர்கள் விடுமுறைக்கு வரும்போது கொண்டு வந்த பொருள்களில் டேப் ரெக்கார்டர் முதன்மையானது. அது பாட்டுக் கேட்பதற்காக மட்டும் வரவில்லை. ஒலிநாடாவில் பேசிப் பதிவு செய்து, ஊருக்குப் போகும் நண்பரிடம் கொடுத்தனுப்புவது வழக்கமாயிற்று. குழந்தையின் மழலையைப் பதிந்து திருப்பி அனுப்பினாள் மனைவி. கடிதம் எழுதத் தயங்கியவரும் மனம்விட்டுப் பேசினர். எனினும் ஒரு குறை இருந்தது. ஒரே நாடாவில் பழைய பேச்சை அழித்துப் புதிய பேச்சைப் பதிவது சிக்கனம் என எண்ணினோம். நினைவை அழித்து நினைவை எழுதும் பழக்கம் அப்பொழுதே நம்மிடம் வந்துவிட்டது.

எண்பதுகளின் பிற்பகுதியில் தெருமுனைகளில் எஸ்.டி.டி., ஐ.எஸ்.டி. என்று எழுதிய மஞ்சள் பலகைகள் தோன்றின. 1984இல் அமைக்கப்பட்ட சி-டாட் நிறுவனம் உள்நாட்டிலேயே வடிவமைத்த தொலைபேசி இணைப்பகங்கள் சிற்றூர்களை எட்டின. 1986இல் வெளிநாட்டு அழைப்புகளுக்கென விதேஷ் சஞ்சார் நிகம் தனி நிறுவனமாயிற்று. கண்ணாடிக் கூண்டுக்குள் நின்று, மீட்டரில் ஓடும் சிவப்பு எண்களைப் பார்த்தபடியே பேசிய தலைமுறை நம்முடையது. சொல்ல வந்ததை மறந்து, 'நல்லா இருக்கியா' என்ற ஒன்றையே திரும்பத் திரும்பக் கேட்டுவிட்டு வெளியே வந்த தாய்மாரை நாம் அறிவோம். எஞ்சியது கட்டணச் சீட்டு ஒன்றே.

கருவியோடு வந்த பூட்டு

இந்தியாவின் முதல் கைப்பேசி அழைப்பு 1995ஆம் ஆண்டு ஜூலை 31ஆம் நாள் கல்கத்தாவிலிருந்து தில்லிக்குச் சென்றது. 2003ஆம் ஆண்டு வரை, வரும் அழைப்புக்கும் இங்கே கட்டணம் செலுத்த வேண்டியிருந்தது. அந்த ஆண்டுகளில் கைப்பேசி என்பது பெரும்பாலும் 'வெளிநாட்டுப் பொருள்'. சென்ட் புட்டியோடும் போர்வையோடும் சூட்கேசில் வந்தது.

ஆனால் அது ஒரு வானொலிப் பெட்டியைப் போன்றதன்று. வானொலியை எங்கே வாங்கினாலும் இங்கே பாடும். கைப்பேசியோ, தான் விற்கப்பட்ட நாட்டின் சட்டத்தையும் வணிகத்தையும் தன்னுள்ளே சுமந்து வந்தது. அமெரிக்காவில் 2007இல் வெளிவந்த முதல் ஐபோன் ஒரே ஒரு தொலைபேசி நிறுவனத்தின் சிம் அட்டைக்கு மட்டும் கட்டுப்பட்டது. அங்கேயே வேறு சில நிறுவனங்கள் விற்ற கைப்பேசிகளில் சிம் அட்டை செருகும் இடமே கிடையாது. ஜப்பானிய நிறுவனங்கள் தாம் விற்ற கருவிகளைப் பூட்டியே வைத்திருந்தன. 2015இல்தான் கேட்போருக்கு அப்பூட்டைத் திறந்துவிடும் கடமை அவர்களுக்கு விதிக்கப்பட்டது. 2013இல் வெளிவந்த சாம்சங் நோட் 3 கருவியோ, எந்த வட்டாரத்தில் விற்கப்பட்டதோ அவ்வட்டாரத்துச் சிம் அட்டையால்தான் முதலில் உயிர்பெறும் என்றது. 2022 முதல் அமெரிக்காவில் விற்கப்படும் ஐபோன்களில் சிம் அட்டைக்கான தட்டே இல்லை.

நம் நாட்டு விதிகளும் குறுக்கிட்டன. ஒவ்வொரு கைப்பேசிக்கும் பதினைந்து இலக்கம் கொண்ட ஐ.எம்.ஈ.ஐ. என்னும் அடையாள எண் உண்டு. அது இல்லாத கருவிகளின் இணைப்பு 2009 நவம்பர் 30ஆம் நாளோடு துண்டிக்கப்படும் என அரசு அறிவித்தது. வெளிநாட்டிலிருந்து மலிவாக வாங்கி வந்த சீனத் தயாரிப்புகள் பல அன்றோடு ஊமையாயின.

மறுபக்கமும் உண்டு. வளைகுடாவில் இருப்போர் ஊரோடு முகம் பார்த்துப் பேச விரும்பினர். ஆப்பிள் நிறுவனம் 2010இல் ஃபேஸ்டைம் என்னும் முகம்காண் அழைப்பைக் கொண்டு வந்தது. ஐக்கிய அரபு அமீரகத்தில் விற்கப்பட்ட ஐபோன்களில் அது இல்லை. எனவே ஊரிலிருந்து வருபவரிடம் இந்தியாவில் விற்கும் கருவியை வாங்கி வரச் சொல்லும் விந்தையும் நிகழ்ந்தது! 2015இல் வாட்ஸ்அப் குரலழைப்பைத் தொடங்கியபோதும் அமீரகம் அதனைத் தடுத்தது. சவூதி அரேபியா 2017 செப்டம்பரில்தான் இத்தகைய அழைப்புகளுக்கு வழிவிட்டது. தாயின் முகத்தைப் பார்க்க ஒருவருக்கு ஓர் அரசின் இசைவு வேண்டியிருந்தது என்பதை வருங்காலத்தார் நம்புவது அரிது.

தமிழுக்கும் இடம் தேட வேண்டியிருந்தது. வெளிநாட்டுக் கைப்பேசிகளில் தமிழ் எழுத்துகள் வெறும் கட்டங்களாய்த் தெரிந்த காலம் அது. அந்நிலையை மாற்ற உழைத்தவர்களுள் மலேசியாவைச் சேர்ந்த முத்து நெடுமாறன் முன்னிற்பவர். அவர் உருவாக்கிய செல்லினம், 2005ஆம் ஆண்டுப் பொங்கலன்று சிங்கப்பூரில் வெளியிடப்பட்டது. கடல் கடந்து போன தமிழரின் வழிவந்தோரே, கைப்பேசிக்குள் தமிழைக் கொண்டு வந்து நமக்கு அனுப்பினர் என்பது நெஞ்சில் நிறுத்தத் தக்கது.

இன்று அந்தப் பொருளின் பாதையே திரும்பிவிட்டது. 2006 முதல் 2014 வரை திருப்பெரும்புதூரில் நோக்கியா ஆலை இயங்கியது. அதே வட்டாரத்தில் இப்பொழுது ஃபாக்ஸ்கான் ஆலையில் ஐபோன்கள் உருவாகி, பல நாடுகளுக்கு ஏற்றுமதியாகின்றன. வெளிநாட்டிலிருந்து நம் மருமகன் ஆசையோடு வாங்கி வந்த கருவி, நம் தமிழ்ப் பெண்களின் விரல்களால் பொருத்தப்பட்டதாகவும் இருக்கக்கூடும். 'வெளிநாட்டுப் பொருள்' என்ற சொல்லின் பழைய பெருமை இனிப் பொருளற்றது.

திறக்காத பெட்டி

நாம் நன்கறிந்த குடும்பம் ஒன்று தென்காசியில் உண்டு. தந்தையார் இருபதாண்டுகளுக்கு மேல் வளைகுடாவில் உழைத்தவர். அங்கேயே திறன்பேசி வாங்கி, அந்நாட்டு எண்ணைக் கொண்டே அதன் கணக்கைத் தொடங்கியிருந்தார். திடீரென மாரடைப்பால் காலமானார். உடலோடும் உடைமைகளோடும் அக்கருவியும் ஊர் வந்து சேர்ந்தது. சில மாதங்களில் அந்த எண்ணும் அற்றுப்போயிற்று.

திரையைத் திறக்கும் எண் வீட்டில் எவருக்கும் தெரியவில்லை. கணக்கை மீட்க முயன்றால், உறுதிப்படுத்தும் குறியீடு அந்த வெளிநாட்டு எண்ணுக்கே போயிற்று. கடைக்காரரிடம் கொடுத்தபோது, "எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசு மாதிரி ஆக்கித் தரலாம், அக்கா" என்றார். அந்த அம்மையார் கருவியைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். பல ஆண்டுகளின் படங்களும், பிள்ளைகளுக்கு அவர் பேசி அனுப்பிய குரல்களும் அதனுள் இருக்கின்றன. வாரம் ஒருமுறை அதற்கு மின்னேற்றுகிறார். ஒளிரும் திரையில் ஐந்தருவியின் முன் பிள்ளைகள் நிற்கும் படம் தெரிகிறது. அதற்கு அப்பால் போக முடிவதில்லை.

அதே வீட்டின் பரணில், அவருடைய தந்தையார் சிங்கப்பூரிலிருந்து எழுதிய கடிதங்கள் தகரப்பெட்டியில் இருக்கின்றன. மை மங்கியிருக்கிறது, கரையான் சிலவற்றைத் தின்றிருக்கிறது. ஆனால் அப்பெட்டிக்குப் பூட்டு இல்லை. எழுபதாண்டுப் பழமையான கடிதத்தைப் பேரன் படிக்கின்றான். சில ஆண்டுகளுக்கு முன் மறைந்த தந்தையின் குரலை அவனால் கேட்க இயலவில்லை.

இதில் கருவியைக் குறைகூறிப் பயனில்லை. திருடர் கையில் சிக்கினாலும் திறக்கக்கூடாது என்பதற்காக இடப்பட்ட பூட்டு அது. சாவியை யாரிடமும் சொல்லி வைக்காமல் வாழ்ந்துவிட்டது நம் குறையே. கூகுள் நிறுவனம் 2013 முதலும், ஆப்பிள் நிறுவனம் 2021 டிசம்பர் முதலும், கணக்கிலுள்ளவற்றைப் பிற்காலத்தில் பெறும் உரிமையை ஒருவருக்கு முன்னரே குறித்து வைக்கும் வசதியைத் தந்துள்ளன. வெளிநாட்டில் வாழும் நம்மவர் எத்தனை பேர் இதனைச் செய்திருக்கின்றனர்? ஊரிலுள்ள எண் ஒன்றையும் மீட்புக்கெனச் சேர்த்து வைத்தோர் எத்தனை பேர்?

சிங்கப்பூரில் 1979ஆம் ஆண்டிலேயே வாய்மொழி வரலாற்றைப் பதிவு செய்யும் அரசுப் பிரிவு தொடங்கப்பட்டது. குடியேறிய எளிய மக்களின் நினைவுகளும் அங்கே ஒலிப்பதிவாய்க் காக்கப்படுகின்றன. போனவர்களின் கதையைப் போன இடம் காக்கின்றது. அனுப்பி வைத்த ஊர் காக்க வேண்டாமா? நம் பள்ளிகளும் நூலகங்களும் வட்டாரத்துக் கடிதங்களைப் படியெடுத்து வைக்கலாம். விடுமுறைக்கு வருவோரிடம் ஒரு மணி நேரம் பேசச் சொல்லிப் பதிவு செய்யலாம். இதற்குப் பெரும்பொருள் தேவையில்லை. கையிலுள்ள திறன்பேசியே போதும்.

அடுத்த சாரலுக்கு நம் பிள்ளைகள் ஊர் வருவார்கள். அவர்கள் கொண்டு வரும் கருவியின் விலையைக் கேட்பதற்கு முன், "உன் கணக்கில் யார் பெயரை எழுதி வைத்திருக்கிறாய், தம்பி?" என்று கேட்போம். திரும்பிப் போகும் முன் ஒரு தாளில் தம் கைப்பட நான்கு வரி எழுதி வாங்கிக்கொள்வோம். தகரப்பெட்டியில் இன்னும் இடமிருக்கிறது.