தோட்டாக் கொழுப்பும் 1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சியும்

சிப்பாய்க் கிளர்ச்சியைப் பற்றி எழுதுவோர் தோட்டாவிற் பூசிய கொழுப்பைக் குறிப்பிடத் தவறுவதில்லை. அக்கொழுப்பு எதற்காகப் பூசப்பட்டது என்னும் வினாவோ அரிதாகவே எழுப்பப்படுகின்றது.

வெடியுப்பு, கரி, கந்தகம் ஆகியன கலந்த கருமருந்து எரியும்போது அதன் நிறையிற் பாதிக்கு மேற்பட்ட பகுதி திண்மக் கழிவாகின்றது. சுடுந்தோறும் அக்கசடு குழலினுட் படிந்து இறுகும். வாய்வழி மருந்திடும் சுரிகுழல் துப்பாக்கிக்கு இது பேரிடராயிற்று. வரிப்பள்ளங்களைப் பற்றுமாறு இறுக்கமாக அமைந்த சன்னத்தைச் சில வேட்டுகளின் பின் உட்செலுத்துதல் கடினமாயிற்று.

பிரெஞ்சு அதிகாரி மினியே 1849இல் இதற்கொரு வழி கண்டார். குழலினும் சிறிய சன்னம் எளிதில் இறங்கும். வெடிக்கும்போது அதன் குழிந்த அடி விரிந்து பள்ளங்களைப் பற்றும். இம்முறையைத் தழுவிய 1853ஆம் ஆண்டு என்பீல்ட் துப்பாக்கியின் தாள் தோட்டாவில், சன்னம் இருந்த முனைக்குக் கொழுப்புப் பூசப்பட்டது. அது கசடை இளக்கி அடுத்த சன்னத்துக்கு வழிவிட்டது.

மறுமுனையைப் பல்லாற் கடித்துத் திறப்பதே பயிற்சி விதி. அது பசுவினதும் பன்றியினதும் கொழுப்பு என்ற செய்தி 1857 ஜனவரியில் டம்டம்மிற் பரவியது. சிப்பாய்கள் தாமே பூச்சினைத் தயாரிக்கலாம் எனவும், கையாற் கிழிக்கலாம் எனவும் பின்னர் ஆணைகள் பிறந்தன. ஐயம் தீரவில்லை. மே 10இல் மீரத்திற் கிளர்ச்சி மூண்டது.

1856இல் அயோத்தி இணைக்கப்பட்டமை போன்ற ஆழ்ந்த காரணங்கள் இதன் பின்னணியில் இருந்தன. ஆயினும் தேன்மெழுகும் கசடை இளக்கவல்லது. தோட்டாவைக் கடிக்க வேண்டியவரின் சமய உணர்வை முன்னரே எண்ணிப் பார்க்காமை தொழில்நுட்பத்தின் குறையன்று, ஆட்சியின் குறையே.